பெட்டிப் பூட்டும் கணக்கு நோட்டும்: பிரவுசர் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்ய

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், வெள்ளிப் பட்டறைகளுக்கு நடுவே எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: “அக்கா, வைரஸ் ஏறிடுச்சுங்க.” நான் உடனே மெஷினில் கை வைப்பதில்லை. திரையில் என்ன வருகிறது, எப்போது வருகிறது, ஒரு தளத்தில் மட்டுமா எல்லாத் தளத்திலுமா, வீட்டில் இருக்கும் போனிலும் வருகிறதா என்று கேட்பேன். பாதிக் கோளாறு அந்தப் பேச்சிலேயே பிடிபட்டுவிடும்.

இன்னொரு கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். இது பூட்டுச் சங்கதியா, நோட்டுச் சங்கதியா?

கொலுசுப் பட்டறைக்காரருக்கு இரண்டு கவலை உண்டு. ஒன்று, வெள்ளி இருக்கிற இரும்புப் பெட்டியின் பூட்டு. மற்றொன்று, எந்த வியாபாரிக்கு எத்தனை கிலோ போகிறது, கூலி என்ன என்று எழுதிய கணக்கு நோட்டு. பூட்டை உடைத்தால் வெள்ளி போகும். நோட்டை ஒருவன் படித்தால் ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனால் அடுத்த மாதம் வியாபாரமே கைமாறிவிடும். பிரவுசரில் பாதுகாப்பு என்பது பூட்டு. அந்தரங்கம் என்பது நோட்டு. நல்ல பூட்டுப் போட்ட கடையிலேயே நோட்டு திண்ணையில் விரிந்து கிடப்பதுண்டு. பூட்டு மாட்ட வந்தவனே நோட்டைப் படித்துவிட்டுப் போவதும் உண்டு. எது போயிருக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்த இரண்டில் எது என்று சொல்லிக்கொண்டே போகிறேன். நம் ஊரில் பெரும்பாலான மெஷின்களில் மெனு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால், திரையில் தெரிகிற பெயரை அப்படியே ஒலிப்படி எழுதியிருக்கிறேன்.

“எந்தத் தளத்துக்குப் போனாலும் சிவப்பா எச்சரிக்கை வருது”

‘யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவேட்’ என்ற பக்கம். இதைப் பார்த்ததும் முதலில் திரையின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பாதுகாப்பான தளமும் தன் சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் மெஷினின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தால், உலகத்திலுள்ள எல்லாச் சான்றிதழும் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழாகத் தெரியும்.

இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்கிற அண்ணன் ஒருவர் தன் பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கி வந்தார். மூன்று நாளாக பேங்க் வேலை நடக்கவில்லை, யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று தூங்காமல் இருந்திருக்கிறார். தேதி 2010 என்று காட்டியது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் ஓடியிருக்கிறது. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது தீர்ந்துபோயிருந்தது. மாற்றிவிட்டு, விண்டோஸ் செட்டிங்ஸில் ‘செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி’ என்பதைப் போட்டுவிட்டேன். அத்தோடு சரி.

தேதி சரியாக இருந்து, ஒரே ஒரு தளத்தில் மட்டும் எச்சரிக்கை வந்தால் கோளாறு அந்தத் தளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். சான்றிதழைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள். செய்தி படிக்கிற தளமானால் நாளை வாருங்கள். பாஸ்வேர்டோ பணமோ கேட்கிற தளமானால் ‘அட்வான்ஸ்டு’, ‘புரொசீட்’ என்று உள்ளே போகவே கூடாது. அந்த எச்சரிக்கையைத் தாண்டுவது, வழியில் நிற்பவன் யாரென்று பார்க்காமல் பையைக் கொடுப்பது மாதிரி.

ஏற்காட்டில் லாட்ஜ் வைஃபையில் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. அந்த வைஃபை உங்களிடம் அறை எண்ணோ மொபைல் எண்ணோ கேட்பதற்காக நீங்கள் போகிற தளத்தை இடைமறித்துத் தன் பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது, பிரவுசர் அதை மறுக்கிறது. போனில் ‘சைன் இன் டு நெட்வொர்க்’ என்று வரும் அறிவிப்பைத் தொட்டு அந்த வேலையை முடித்துவிட்டால் எச்சரிக்கை நின்றுவிடும்.

தேதியும் சரி, வைஃபையும் சரி, ஆனால் பாதித் தளங்கள் திறக்கவில்லை என்றால் மெஷினின் வயதைப் பாருங்கள். பல தளங்களின் சான்றிதழுக்கு ஜாமீன் நின்ற ஒரு பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அப்டேட் ஆகாத பழைய போன்களும் கம்ப்யூட்டர்களும் அன்றிலிருந்து திணற ஆரம்பித்தன. விண்டோஸ் 7-க்கு குரோம் கொடுத்த கடைசிப் பதிப்பு 109, அது வந்தது 2023 ஜனவரியில். அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் அடைத்த ஓட்டைகள் அந்த மெஷினின் குரோமில் திறந்தே கிடக்கின்றன. பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலைக்கு வேண்டாம் என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன்.

“பூட்டுச் சின்னம் இருந்துச்சே, அப்புறம் எப்படி ஏமாந்தேன்?”

இந்தக் கேள்வியை அழுதுகொண்டே கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டு, உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற கடிதத்தை வழியில் யாரும் பிரித்துப் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொன்னது. கடிதம் போய்ச் சேருகிற வீட்டில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொன்னதே இல்லை. 2015 கடைசியிலிருந்து லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு இந்தச் சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறது. அது பெரிய நன்மை. இன்று இணையத்தில் பெரும்பகுதி மறையாக்கம் ஆனதற்கு, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி மாறியதற்கு, அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லோருக்கும் என்றால் திருடனுக்கும்தான். போலித் தளத்திலும் பூட்டு வரும். இந்தக் குழப்பத்தாலேயே குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுச் சின்னத்தை எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு வட்டமும் உள்ள ஒரு சின்னத்தை வைத்தது.

பூட்டுக்குப் பதிலாக முகவரியைப் படியுங்கள். வலமிருந்து இடமாக, அதாவது முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பதைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். தமிழக அரசு என்று சொல்லிக்கொண்டு வந்தால் முடிவில் ‘.கவ்.இன்’ இருக்கிறதா என்று பாருங்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘.பேங்க்.இன்’ என்று முடிகிற முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளைத் தவிர வேறு யாரும் அந்த முடிவை வாங்க முடியாது. உங்கள் வங்கியின் பெயர் முகவரியின் முன்னால் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், முடிவு வேறாக இருந்தால் மூடிவிடுங்கள். ‘இன்று இரவு உங்கள் கரண்ட் துண்டிக்கப்படும்’ என்று எஸ்எம்எஸ்ஸில் வருகிற லிங்க் பெரும்பாலும் இந்த ஒரே பார்வையில் மாட்டிக்கொள்ளும்.

இங்கேதான் பூட்டும் நோட்டும் முதல் முறையாக ஒன்றோடொன்று உரசுகின்றன. குரோமில் ‘சேஃப் பிரவுசிங்’ என்று ஒரு காவல் உண்டு. ‘ஸ்டாண்டர்டு’ நிலையில், நீங்கள் போகிற முகவரியைச் சுருக்கி மாற்றிய துண்டு மட்டும் நடுவில் ஒரு இடைத்தளம் வழியாகக் கூகுளிடம் சரிபார்க்கப் போகிறது. 2024 முதல் இப்படி. ‘என்ஹான்ஸ்டு’ நிலையில் போகிற முகவரிகளையே கூகுளிடம் அனுப்புவீர்கள். காவல் கூடும், நோட்டும் அவர்கள் கைக்குப் போகும். எது சரி என்பது ஆளைப் பொறுத்தது. வருகிற லிங்கையெல்லாம் தொட்டுவிடுகிற வயதானவர்களின் போனில் நான் ‘என்ஹான்ஸ்டு’ போட்டுக் கொடுக்கிறேன், போடுவதற்கு முன் அதன் விலையைச் சொல்லிவிட்டுத்தான். கவனமாக இருக்கிறவர்களுக்கு ‘ஸ்டாண்டர்டு’ போதும். இரண்டையும் அணைத்து வைப்பது மட்டும் யாருக்கும் வேண்டாம்.

பணம் போயே விட்டது என்றால் கடைக்கு வராதீர்கள். முதலில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிற நேரம் அது.

“மூலையில மூலையில வைரஸ்னு பெட்டி வந்துக்கிட்டே இருக்கு”

கடைக்கு வருகிறதில் அதிகம் இதுதான். அம்மாப்பேட்டையில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், பேரனோடு வீடியோவில் பேசுவதற்காகவே லேப்டாப் வைத்திருக்கிறார். வலது கீழ் மூலையில் ‘உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்’ என்று பெட்டி, அது போனதும் இன்னொன்று, நடுவில் கண்கொண்டு பார்க்க முடியாத படங்கள். பயந்து இரண்டு வாரம் லேப்டாப்பையே திறக்கவில்லை. பேரனோடும் பேசவில்லை. என்னிடம் கொண்டு வந்தபோது, “நான் தப்பா எதுவும் பாக்கலம்மா” என்றுதான் முதலில் சொன்னார். அதுதான் என்னை வருத்தியது.

வைரஸ் எதுவும் இல்லை. அவர் பஞ்சாங்கம் தேடிப் போன ஏதோ ஒரு தளம் ‘நீங்கள் ரோபோ இல்லை என்றால் அல்லவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அழுத்தியிருக்கிறார். அது ரோபோவைக் கண்டுபிடிக்கிற சோதனையே இல்லை. அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கிற பெட்டி. கொடுத்த பிறகு, அந்தத் தளத்தை மூடினாலும், அடுத்த நாள் திறந்தாலும் அறிவிப்பு வந்துகொண்டே இருக்கும்.

கம்ப்யூட்டரில் குரோமின் ‘செட்டிங்ஸ்’, ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போங்கள். ‘அல்லவ்டு’ என்ற பட்டியலில் உங்களுக்குத் தெரியாத ஒவ்வொரு பெயரையும் நீக்குங்கள். பிறகு அதே பக்கத்தின் மேலே, தளங்கள் இனி அனுமதியே கேட்கக் கூடாது என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். போனில் இன்னும் எளிது: அந்த அறிவிப்பையே விரலால் அழுத்திப் பிடித்தால் எந்தத் தளம் அனுப்புகிறது என்று காட்டும், அங்கேயே நிறுத்தலாம்.

அந்தப் பக்கத்தில் இருக்கும்போதே மேலும் இரண்டு நிமிடம் செலவிட்டு ‘லொகேஷன்’, ‘கேமரா’, ‘மைக்ரோஃபோன்’ பட்டியல்களையும் பாருங்கள். ஆசிரியரின் லேப்டாப்பில் இருப்பிடம் பார்க்க ஏழு தளங்களுக்கு அனுமதி இருந்தது. அவருக்கு ஒன்றும் நினைவில்லை. அறிவிப்பு தொந்தரவு செய்கிறது, அதனால் கண்ணில் படுகிறது. இருப்பிடம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் யாரும் கொண்டு வருவதில்லை.

“திரை முழுக்க நின்னுருச்சு, சைரன் அடிக்குது, ஒரு நம்பருக்குக் கூப்பிடச் சொல்லுது”

கூப்பிடாதீர்கள். எஸ்கேப் பட்டனைச் சில வினாடி விடாமல் அழுத்துங்கள், திரை சுருங்கும், மூடிவிடுங்கள். சுருங்கவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி, வருகிற பட்டியலில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது ‘ரீஸ்டோர்’ கேட்கும், கொடுக்காதீர்கள், அதே பக்கம் திரும்பி வரும். அது வெறும் ஒரு பக்கம்தான். மெஷினுக்குள் எதுவும் நுழையவில்லை.

ஏற்கெனவே கூப்பிட்டு, அவர்கள் சொன்ன செயலியைப் போட்டு, அவர்கள் கையில் மவுஸைக் கொடுத்திருந்தால் விஷயம் வேறு. முதலில் நெட்டைப் பிடுங்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930-க்கும் பேசுங்கள். மெஷினை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

“கூகுள்ல தேடினா வேற எங்கயோ போகுது”

முதல் பக்கம் மாறியிருக்கும், தேடல் தெரியாத பெயருள்ள தளத்துக்குப் போகும், போகிற பக்கமெல்லாம் கூப்பன் குதிக்கும். பத்துக்கு ஒன்பது முறை காரணம் எக்ஸ்டென்ஷன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்னச் செயலி. மேலே வலதுபுறம் புதிர்த்துண்டு மாதிரி இருக்கிற சின்னத்தைத் தொட்டு, ‘மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்’ போங்கள். எல்லாவற்றையும் அணையுங்கள். கோளாறு நிற்கிறதா பாருங்கள். நின்றால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் திரும்ப வருகிறதோ அதைத் தூக்கி எறியுங்கள். பிறகு ‘ரீசெட் செட்டிங்ஸ்’ கொடுத்துவிடுங்கள். சேமித்த புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

நீக்கவே விடவில்லை, மெனுவின் அடியில் ‘மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்’ என்று இருக்கிறது என்றால், முகவரிப் பட்டையில் குரோம், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். கம்பெனி கொடுத்த மெஷினில் அது இயல்பு. ஆண்டிவைரஸ் போட்டிருந்தாலும் வரலாம். சொந்த மெஷினில், நீங்கள் அறியாத எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக நிறுவச் சொல்லும் வரி அந்தப் பட்டியலில் இருந்தால், விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் யாரோ கை வைத்திருக்கிறார்கள். அதைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்யுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி தவறினால் மெஷினே எழாமல் போகலாம்.

எக்ஸ்டென்ஷன் போடும்போது ஒரு வரி வரும்: எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி. யாரும் படிப்பதில்லை. அதன் பொருள், நீங்கள் பேங்க் பக்கத்தில் பார்க்கிற இருப்பை அதுவும் பார்க்கும் என்பது. நீங்கள் எழுதுகிற மெயிலை அதுவும் படிக்கும். மறையாக்கம், சான்றிதழ் எல்லாம் வழியில் வருகிறவனைத்தான் தடுக்கும். எக்ஸ்டென்ஷன் வழியில் இல்லை, உங்களோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

நல்லவரிடமிருந்து வாங்கியதுதானே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். பயனில்லாமல் திறந்து கிடக்கும் டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்துகிற உண்மையான உதவி. அதை உருவாக்கியவர் 2020-ல் வேறு யாருக்கோ கைமாற்றினார். புதிய கை தீங்கான நிரலைச் சேர்த்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. போட்டவர்கள் யாரும் எதையும் மாற்றவில்லை. கடை அதே கடை, முதலாளி மட்டும் மாறிவிட்டார்.

பூட்டுக்காரனே நோட்டைப் படித்த கதையும் ஆவணத்தில் இருக்கிறது. அவாஸ்ட் என்ற ஆண்டிவைரஸ் நிறுவனம், கண்காணிப்பிலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்டே தன் செயலியும் எக்ஸ்டென்ஷனும் சேகரித்த பிரவுசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது என்று அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் குற்றம்சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இதைச் சொன்னால் பட்டறைக்காரர்கள் என்னைவிட வேகமாகப் புரிந்துகொள்கிறார்கள்.

என் கணக்கில் ஒருவருக்கு இரண்டு எக்ஸ்டென்ஷன் போதும். அதில் ஒன்று விளம்பரத் தடுப்பாக இருக்கட்டும். விளம்பரம் வழியாகவே போலித் தளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்பதால், தடுப்பைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பே மக்களுக்குச் சொன்னது. ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பு முழுமையாக வேலை செய்கிறது. குரோமில் அதன் ‘லைட்’ வடிவம்தான் இப்போது கிடைக்கிறது. பூட்டுக்கும் நோட்டுக்கும் ஒருசேர உதவுகிற மிகச் சில பொருட்களில் இது ஒன்று.

“நான் தேடினது எனக்கே விளம்பரமா வருது, போன் ஒட்டுக்கேக்குதா?”

இது முழுக்க நோட்டுச் சங்கதி. எந்தப் பூட்டும் உடையவில்லை.

1994-ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் வேலை செய்த லூ மான்டுல்லி, கடைத் தளம் ஒன்று நீங்கள் கூடையில் போட்டதை மறக்காமல் இருப்பதற்காகக் குக்கி என்ற சின்னக் குறிப்பைக் கொண்டுவந்தார். நல்ல நோக்கம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் விளம்பரம் போடுகிற மூன்றாவது ஆளும் தன் குறிப்பை வைக்க முடிந்தது. அதே ஆள் ஆயிரம் தளங்களில் விளம்பரம் போட்டால், அந்த ஆயிரத்திலும் நீங்கள் எங்கே போனீர்கள் என்று அவன் நோட்டில் வரிசையாக விழும். காலையில் சர்க்கரைக்கு மருந்து தேடினால் மாலையில் சமையல் குறிப்புப் பக்கத்தில் பாவக்காய் மாத்திரை வருவது இதனால்தான். வீட்டில் எல்லோரும் ஒரே வைஃபை என்பதால் ஒருவர் தேடியது இன்னொருவர் திரையில் எட்டிப்பார்க்கவும் செய்யும். ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை, நாமே எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சஃபாரி 2020-லிருந்து மூன்றாம் ஆள் குக்கியை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-லிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனிச் சாடி கொடுத்துவிட்டது, ஒன்றின் குறிப்பை இன்னொன்று பார்க்க முடியாது. குரோம் 2020 ஜனவரியில் நிறுத்தப்போவதாக அறிவித்தது, தள்ளிப்போட்டது, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அதனால் குரோமில் நீங்களேதான் போய் ‘பிரைவசி அண்டு செக்யூரிட்டி’, ‘தேர்டு பார்ட்டி குக்கீஸ்’, ‘பிளாக்’ என்று போட வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் ‘செட்டிங்ஸ்’, ‘கூகுள்’, ‘ஆட்ஸ்’ போய் விளம்பர அடையாள எண்ணை அழியுங்கள். கூகுள் கணக்கின் ‘வெப் அண்டு ஆப் ஆக்டிவிட்டி’யில், 3 மாதத்துக்கு மேற்பட்டது தானாக அழியும்படி வைக்கலாம். எல்லோருக்கும் இதைச் செய்து கொடுக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் முழுதாக மறைய முடியாது. குக்கி இல்லாமலேயே திரையின் அளவு, எழுத்துருப் பட்டியல், நேர மண்டலம் என்று சின்னச் சின்ன அடையாளங்களைச் சேர்த்து உங்கள் பிரவுசரைத் தனியாகப் பிரித்துவிட முடியும். 2010-ல் இஎஃப்எஃப் என்ற உரிமை அமைப்பு சோதித்துப் பார்த்தபோது, அவர்களிடம் வந்த பிரவுசர்களில் 83.6 சதவீதத்துக்கு வேறெதுவும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் குறுக்கும் நெடுக்கும் பத்து எக்ஸ்டென்ஷன் போடாதீர்கள் என்கிறேன். மறைவதற்காகப் போடுவதே உங்களைக் கூட்டத்திலிருந்து தனியாகக் காட்டிவிடும்.

“இன்காக்னிட்டோலதான் பாத்தேன், எப்படித் தெரிஞ்சுது?”

இன்காக்னிட்டோ உங்கள் மெஷினில் எழுதாமல் இருக்கும். மற்றவர்கள் எழுதுவதை நிறுத்தாது. நீங்கள் போன தளத்துக்குத் தெரியும். காலேஜ் வைஃபையை நடத்துகிறவருக்கும் நெட் கொடுக்கிற கம்பெனிக்கும், எந்தப் பக்கம் என்பது தெரியாவிட்டாலும் எந்தத் தளம் என்பது தெரியும். இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020-ல் அமெரிக்காவில் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். 2024-ல் சேகரித்து வைத்திருந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஹால் டிக்கெட் எடுக்கவும், வேறொருவர் மெஷினில் மெயில் பார்க்கவும் இன்காக்னிட்டோ அருமையான பொருள். அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்றாதீர்கள்.

“வீட்டுல எந்த மெஷினைத் திறந்தாலும் இதே கோளாறு”

போன், லேப்டாப், டிவி எல்லாம் ஒன்றாகத் தப்பான தளத்துக்குப் போனால் ரூட்டரைப் பாருங்கள். ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் அறை வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டில் இதற்காக 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். ரூட்டரின் பாஸ்வேர்டு பெட்டியோடு வந்த ‘அட்மின்’தான். தங்க வந்தவர் யாரோ உள்ளே போய், தளப் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருக்கிறார். பின்னால் இருக்கும் சின்னத் துளையைக் குச்சியால் அழுத்தி ரூட்டரைப் புதிதாக்கி, பாஸ்வேர்டு மாற்றி, டிஎன்எஸ் முகவரியை குவாட்9 என்ற பொதுச் சேவையின் 9.9.9.9 என்று வைத்து, விருந்தினருக்குத் தனி வைஃபை பெயர் போட்டுக் கொடுத்தேன்.

“பாஸ்வேர்டு யாருக்கும் சொல்லல, ஓடிபியும் வரல, ஆனா கணக்கு போயிருச்சு”

ஒருமுறை நீங்கள் உள்ளே நுழைந்ததும் தளம் ஒரு அனுமதிச் சீட்டை உங்கள் பிரவுசரில் வைக்கும். அதுவும் குக்கிதான். அது இருக்கிற வரை பாஸ்வேர்டு கேட்காது. சீட்டைப் பிரதி எடுத்தவனையும் கேட்காது. 2010-ல் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் துணைநிரல், திறந்த வைஃபையில் பக்கத்து நாற்காலிக்காரரின் சீட்டை ஒரு கிளிக்கில் எடுத்துக் காட்டியது. எல்லாத் தளமும் மறையாக்கத்துக்கு அவசரமாக மாறியதற்கு அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம். இப்போது வழியில் எடுப்பது கஷ்டம், அதனால் மெஷினுக்குள்ளேயே வந்து எடுக்கிறார்கள். பெரும்பாலும் காசு கொடுக்காமல் இறக்கிய சாஃப்ட்வேரோடு வருகிறது. கொலுசு டிசைன்களை இன்ஸ்டாகிராமில் போட்டு ஆர்டர் பிடிக்கிற தம்பி ஒருவர், கிராக் செய்த டிசைன் சாஃப்ட்வேர் போட்ட மறுநாள் கணக்கை இழந்தார்.

இதில் வரிசைதான் உயிர். அவர் செய்தது எல்லோரும் செய்வது: அதே மெஷினில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினார். மெஷினுக்குள் இருந்த திருடன் புதிய பாஸ்வேர்டையும் எடுத்துக்கொண்டான். முதலில் அந்த மெஷினின் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சுத்தமான போனிலிருந்து மெயிலைப் பிடியுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி மெயிலுக்குத்தான் வரும். மெயிலின் பாஸ்வேர்டை மாற்றி, கூகுள் கணக்கின் ‘யுவர் டிவைசஸ்’ பட்டியலில் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். வெளியேற்றினால்தான் பழைய சீட்டு செல்லாமல் போகும். பிறகு வங்கி, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பின் ‘லிங்க்டு டிவைசஸ்’. கடைசியாகத்தான் மெஷின். அதை நான் சுத்தம் செய்வதில்லை, முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுகிறேன்.

“என் போன்ல தேடினது எங்கப்பா கடை கம்ப்யூட்டர்ல வருது”

காலேஜ் படிக்கிற பெண் தனியாக வந்தாள். வெகுநேரம் பென்டிரைவ் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். கடை காலியானதும்தான் சொன்னாள். மாதவிடாய்ப் பிரச்சினைக்கு மருத்துவம் தேடியிருக்கிறாள். அப்பாவின் கடையில் கணக்குப்பிள்ளை முகவரிப் பட்டையில் ஒரு எழுத்துத் தட்டியதும் அந்தத் தேடல் வந்து நின்றிருக்கிறது. “அக்கா, என் போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா?”

யாரும் எதையும் உடைக்கவில்லை. முன்பு ஒருமுறை அந்தக் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்தபோது, குரோம் ‘டர்ன் ஆன் சின்க்’ கேட்க, கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவள் வரலாறும் பாஸ்வேர்டும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. பாஸ்வேர்டைப் பார்க்க விண்டோஸின் பின் நம்பர் போதும், அந்த நம்பர் கடையில் எல்லோருக்கும் தெரியும்.

இப்படி இருந்தால் கடை மெஷினில் வரலாற்றை அழிக்காதீர்கள், சின்க் இருக்கும்போது அழித்தால் உங்கள் போனிலும் சேர்ந்து அழியும். மேலே வட்டமாக இருக்கும் படத்தைத் தொட்டு, புரொஃபைல்களை நிர்வகிக்கும் பக்கத்துக்குப் போய், உங்கள் பெயரிலுள்ள புரொஃபைலை ‘டெலிட்’ செய்யுங்கள். அந்த மெஷினில் இருந்தது மட்டும் போகும், கணக்கு உங்கள் போனில் பத்திரமாக இருக்கும். பிறகு போனிலிருந்து ‘யுவர் டிவைசஸ்’ போய்க் கடை மெஷினை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து கடைக்கென்று, எந்த மெயிலும் இல்லாமல் ஒரு புதிய புரொஃபைல்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தபோது அவளே போய்ச் செய்துவிட்டாள். ‘கடைக்குத் தனியா ஒண்ணு போட்டுட்டேன்ப்பா’ என்று மட்டும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். புதன்கிழமை அவர் வந்தார், கையில் பட்டறை லேப்டாப்.

“பாப்பா போட்ட மாதிரியே எனக்கொண்ணு, கணக்குப்பிள்ளைக்கொண்ணு தனித்தனியா போட்டுக் குடும்மா.”